பந்து கையை விட்டுப் போகும் நேரம்: டென்பின் பௌலிங்கில் ரிலீஸ் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ரிலீஸ் சரியில்லை என்றதும் பெரும்பாலானோர் கையைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பது, விரலால் தூக்கிப் பார்ப்பது, கடைசி நொடியில் பந்தைத் திருகிப் பார்ப்பது. இரண்டு வாரத்தில் இருந்த ஸ்கோரும் போய்விடும். பந்து எப்போது கையை விட்டுப் போகும் என்பதைக் கை தீர்மானிப்பது குறைவு. கட்டைவிரல் ஓட்டையின் பொருத்தம், கடைசி ஸ்டெப்பில் வழுக்கும் காலின் ஷூ, பந்தை முன்னே நீட்டத் தொடங்கிய தருணம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அதனால் கீழே எந்த அறிகுறியிலும் கையைத் திருத்துவது கடைசியில்தான் வரும். காசு செலவில்லாத காரணம் முதலில், புதிதாகத் துளை போடும் செலவு பிறகு.

எல்லாமே வலதுகைக்காரருக்கு எழுதியது. இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும். கட்டைவிரல் போடாமல் இரண்டு கையால் வீசுகிறவர்கள் கட்டைவிரல் பகுதிகளைத் தாண்டிவிடலாம். கால், ஷூ பற்றியவை அவர்களுக்கும் பொருந்தும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

போன் சோதனை. ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் போதும். ஃபவுல் லைனுக்கு (லேன் தொடங்கும் இடத்தில், கால் தாண்டக் கூடாத கோடு) நேராக, உங்கள் வலப்பக்கம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் நண்பர் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து லேனில் ஆள் ஆடும்போது அங்கே நிற்கக் கூடாது. கூட்டமில்லாத நேரத்தில், சென்டர் ஊழியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கால் பாதமும் பந்தும் ஃபிரேமுக்குள் இருந்தால் போதும், முகம் தேவையில்லை. பத்துப் பந்து எடுங்கள். ஒரு பந்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்; பத்தில் ஏழில் அதே தவறு வந்தால்தான் அது உங்கள் பிழை.

வீடியோவில் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நாலு ஸ்டெப் அப்ரோச்சில், அதாவது கோடு வரை வரும் நடையில், முதல் ஸ்டெப் தரையில் பதியும்போது பந்து முன்னே நீண்டிருக்க வேண்டும். இரண்டாவது ஸ்டெப்பில் பந்து வலது காலின் பக்கத்தில், கீழே. மூன்றாவதில் பின்னால், ஸ்விங்கின் உச்சியில். நாலாவதில் இடது கால் வழுக்கி முடிகிற நேரமும் பந்து அந்தக் காலின் கணுக்காலை நெருங்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து ஸ்டெப் எடுப்பவர்களுக்கு முதல் ஸ்டெப்பில் பந்து அசையாது. மற்றவை எல்லாம் ஒரு ஸ்டெப் தள்ளி வரும்.

கணுக்கால் ஃபிரேம்தான் தீர்ப்பு. பந்து கணுக்காலுக்கு நேராக வரும்போது கால் இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தால் பந்து முந்திவிட்டது. கால் நின்று வெகுநேரமாகியும் பந்து பின்னாலேயே இருந்தால் பந்து பிந்திவிட்டது.

ஒரு ஸ்டெப் சோதனை. வழக்கமான பந்தைவிட இரண்டு பவுண்டு குறைவான பந்தை எடுங்கள். ஃபவுல் லைனுக்கு மூன்றடி பின்னால் கால்களைச் சேர்த்து நின்று, பந்தை முன்னே ஆட்டி, பின்னே விட்டு, அது திரும்பி வரும்போது இடது காலை மட்டும் வழுக்கவிட்டுப் பந்தை விடுங்கள். ஐந்து பந்து. லேன் முடிவில் நிற்கும் பின்கள் விழுகின்றனவா என்று பார்க்கவே வேண்டாம். உங்கள் பிழை இங்கேயும் வந்தால் காரணம் ஓட்டையிலோ பிடியிலோ மணிக்கட்டிலோ இருக்கிறது. இங்கே சுத்தமாகப் போய், முழு அப்ரோச்சில் மட்டும் பிழை வந்தால் காரணம் காலிலும் தொடக்கத்திலும். இந்த ஒரு பிரிவினை பல மாத வீண் வேலையைத் தவிர்க்கும்.

## அறிகுறி: பந்து கையில் மாட்டி, தள்ளிப்போய் டொம்மென்று விழுகிறது

இது காதிலேயே தெரியும். நன்றாக விட்ட பந்து கோட்டைத் தாண்டி ஓரடி, ஒன்றரை அடிக்குள் லேனில் இறங்கும். உருளத் தொடங்கும் சத்தம்தான் கேட்கும், இறங்கிய சத்தம் கேட்காது. மாட்டிய பந்து மூன்று நாலு அடி தள்ளி டொம்மென்று விழும். கட்டைவிரல் வெளிவரும்போது இறுக்கிய மூடி பிடுங்கியதுபோல் 'டப்' என்று ஒரு சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

*ஈரமும் பிசுக்கும்.* கட்டைவிரலையும் ஓட்டையின் உள்ளேயும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சென்டர் பந்தாக (பௌலிங் சென்டரில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பந்து) இருந்தால் முன்பு ஆடியவரின் வியர்வை, சிப்ஸ் எண்ணெய் எல்லாம் உள்ளே படிந்திருக்கும். துணியைச் சுருட்டி உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றி எடுங்கள், துணியின் நிறமே சொல்லும்.

*ஓட்டை சிறியது.* பந்தை ரேக்கிலேயே வைத்துவிட்டு, கட்டைவிரலை முழுக்க உள்ளே விட்டு இடமும் வலமும் திருப்புங்கள். சுற்றிலும் தோல் லேசாக உரச வேண்டும். தோல் சுருண்டு இழுபடக் கூடாது. வெளியே எடுக்கும்போது சிறு உராய்வோடு தானாக வர வேண்டும். இழுபட்டால் சென்டர் பந்தை மாற்றுங்கள். சொந்தப் பந்தானால் உள்ளே ஒட்டிய டேப்பில் ஒரு துண்டை உரித்துப் பாருங்கள்.

*ஓட்டை பெரியது.* இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பந்து மாட்டுகிறது என்றால் ஓட்டை இறுக்கம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் பலருக்கு ஓட்டை தளர்வாக இருக்கும். பந்து நழுவிவிடுமோ என்று கட்டைவிரல் கணுவை மடக்கி, முனையால் உள்சுவரைக் கிள்ளிப் பிடிப்பார்கள். மடங்கிய விரல் எந்த ஓட்டையிலிருந்தும் நேரத்துக்கு வராது. ஓட்டையைப் பெரிதாக்கினால் இன்னும் கிள்ளுவார்கள், இன்னும் மாட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். மூன்று கேம் முடிந்ததும் கட்டைவிரலைப் பாருங்கள். முனைச் சதை சிவந்து, நகத்தோரம் வலித்தால் கிள்ளிப் பிடிக்கிறீர்கள். இன்னொரு சோதனை: பந்தைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். கணுவை மடக்காமல் பந்து கையில் நிற்கவில்லை என்றால் ஓட்டை தளர்வு, அல்லது கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் உள்ள இடைவெளி தவறு.

தளர்வுக்கு மருந்து பௌலிங் டேப். ஒரு முனை வளைவாக, அளவாக வெட்டியே விற்பார்கள். முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று இரண்டு அகலம் உண்டு. சொரசொரப்பான வெள்ளை டேப்பைச் சதை படும் பக்கத்தில், வழுவழுப்பான கறுப்பு டேப்பை நகம் படும் பக்கத்தில் ஒட்டுவது வழக்கம். ஓட்டையின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். விளிம்பில் ஏறி ஒட்டினால் டேப்பின் ஓரம் தோலில் பிடித்து, நீங்களே ஒரு புது மாட்டலை உண்டாக்கிவிடுவீர்கள். ஒரு துண்டு ஒட்டி ஐந்து பந்து போடுங்கள், தேவையானால் அடுத்தது. ஒரேயடியாக நாலு ஒட்டினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

*இடைவெளி தவறு.* சென்டர் பந்துகளில் விரல்கள் இரண்டாம் கணு வரை உள்ளே போகும். கட்டைவிரலை முழுக்க விட்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் ஓட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். இரண்டாம் கணுவின் கோடு, ஓட்டையின் அருகிலுள்ள விளிம்பைக் கால் அங்குலம் தாண்டியிருக்க வேண்டும். விரல்களைப் போட்டுப் பிடித்தபின் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இடைவெளி அதிகம். கை இழுபட்டே பிடித்திருக்கிறது. வேறு பந்து எடுங்கள்.

*ப்ரோ ஷாப் வேலை.* மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் ஒரு ஸ்டெப் சோதனையில் பந்து மாட்டினால், துளைபோடுகிறவரிடம் போங்கள். விளிம்பின் சரிவைக் கொஞ்சம் கூட்டுவது பத்து நிமிட வேலை, அதையே முதலில் கேளுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஓட்டையின் சாய்வு பார்க்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் சாய்ந்த ஓட்டை விரலை அதிக நேரம் பிடித்துவைக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தது சீக்கிரம் விடும். அதை மாற்ற, பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும், செலவு கூடும். கையை நேரில் அளக்காமல் துளைக்கிற கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: பந்து கோட்டை எட்டுமுன்னே நழுவி விழுகிறது

ஒரு ஸ்டெப் சோதனையிலும் நழுவினால்: ஓட்டை தளர்வா, கை வியர்க்கிறதா, மணிக்கட்டு பின்னால் சாய்கிறதா, இந்த வரிசையில் பாருங்கள். முதல் இரண்டுக்கும் துணியும் டேப்பும். மணிக்கட்டுக்கு வீடியோவில் பந்து கீழே வரும் ஃபிரேமை நிறுத்துங்கள். கையின் பின்புறமும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் போதும். கை பின்னால் மடங்கிக் கட்டைவிரல் தரையைக் காட்டினால் பந்து உங்கள் மணிக்கட்டுக்குக் கனம். இரண்டு பவுண்டு குறையுங்கள். 16 பவுண்டு என்பது விதி அனுமதிக்கும் உச்ச எடை. எல்லாரும் எட்ட வேண்டிய எடை அல்ல. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பொதுக் கணக்கையும் தொடக்கப்புள்ளியாக மட்டும் வையுங்கள். 75 கிலோ உள்ளவருக்கு அந்தக் கணக்கில் 16 பவுண்டுக்குச் சற்று மேலேயே வரும். மணிக்கட்டு தாங்காவிட்டால் 13, 14 எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

மணிக்கட்டுப் பட்டை வாங்கலாமா என்ற கேள்வி இங்கே வரும். எடை குறைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். கனத்த பந்தை விடாமல் பிடிப்பதற்காகப் பட்டை கட்டினால் வலி முழங்கைக்குப் போகும்.

ஒரு ஸ்டெப்பில் நழுவாமல் முழு அப்ரோச்சில் மட்டும் நழுவினால் பந்து முந்துகிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: பந்து முந்துகிறது, உடல் அதன் பின்னால் இழுபடுகிறது, பின்களில் படும் அடியில் வேகமில்லை

வீசி முடிக்கும்போது இடுப்பு வளைந்து, தலை ஃபவுல் லைனைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பந்து பாக்கெட்டில்தான் (முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவில்) படும், ஆனாலும் வலது மூலையில் பத்தாம் எண் பின் நிற்கும். திரையில் காட்டும் வேகம் ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தாவும்.

தொடக்க ஃபிரேமைப் பாருங்கள். முதல் ஸ்டெப் பதிவதற்குள் பந்து முழங்கால் வரை இறங்கிவிட்டதா? அப்படியானால் பந்தை முன்னே நீட்டவில்லை, நேராகக் கீழே போட்டிருக்கிறீர்கள். பந்தை இடுப்புயரத்திலிருந்து மார்புயரத்துக்கு ஏற்றிப் பிடியுங்கள். பின்களின் பக்கம், கிடைமட்டமாக, எதிரே நிற்பவரிடம் கொடுப்பதுபோல் நீட்டுங்கள். பாதை நீளும்போது பந்து தானாகத் தாமதிக்கும். ஐந்து ஸ்டெப் ஆடுகிறவர்களிடம் இந்தப் பிழை வந்தால், முதல் ஸ்டெப்பிலேயே பந்து அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்; பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். முதல் ஸ்டெப்புக்கு இடது கையால் பந்தை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் சரியாக இருந்தால் பின் ஸ்விங்கை, அதாவது பந்து பின்னோக்கிப் போகும் ஆட்டத்தைப் பாருங்கள். பந்து இடுப்புயரத்துக்கும் வராமல் திரும்பினால் தோள் பந்தைப் பிடித்து இழுக்கிறது. பயத்தினால் வருவது இது, கனத்த பந்தால் இன்னும் கூடும். பந்தின் எடையைக் குறைத்து, ஒரு ஸ்டெப் சோதனையையே இருபது பந்து பயிற்சியாகப் போடுங்கள். குறி பார்க்காமல், ஸ்விங்கின் உச்சியில் பந்தைக் கை பிடித்திருக்கிறதே தவிரத் தூக்கவில்லை என்ற உணர்வு வரும் வரை.

கால் குறுக்கமாக வைக்கப்படுகிறதா என்பது கடைசி. ஃபவுல் லைனில் முதுகைப் பின்களுக்குக் காட்டி, குதிகாலைக் கோட்டருகே வைத்து நின்று, அப்ரோச்சில் நடக்கும் வேகத்திலேயே நாலரை ஸ்டெப் நடந்து திரும்புங்கள். ஐந்து ஸ்டெப்காரருக்கு ஐந்தரை. அதுதான் நீங்கள் தொடங்க வேண்டிய இடம். அதைவிட முன்னே நின்றால் கோட்டைப் பார்த்துப் பயந்து காலைச் சுருக்குவீர்கள், பந்து முந்தும்.

## அறிகுறி: பந்து பிந்துகிறது, கால் நின்றபின் கை வந்து சேர்கிறது, பந்து இடப்பக்கம் இழுபடுகிறது

குறி லேனில் பதித்த அம்புகளில் வலமிருந்து இரண்டாவது, அதாவது வலமிருந்து பத்தாவது போர்டு (லேனின் நீளவாக்குப் பட்டை). பந்து பதினைந்தில் போய், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஹெட்பின்னுக்கு இடப்பக்கம் அடிக்கிறது. கால் நின்றுவிட்டதால் ஓடி வந்த வேகம் முழுக்க வீணாகி, தோளால் பந்தை முன்னே இழுக்க வேண்டியிருக்கிறது. இழுக்கும் தோள் திரும்பும். திரும்பும் தோளோடு கை உடம்பின் குறுக்கே வரும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பலமாகச் சுழற்றி வீசும் ஆட்டக்காரர்கள் பலர் கொஞ்சம் பிந்தியே விடுவார்கள். கால் ஊன்றி நின்றபின் கை வருவது அவர்களுக்குப் பலம். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டே போல இரண்டு கையால் வீசுகிறவர்களிடம் இது நன்றாகத் தெரியும். வீசி முடித்து, பந்து அம்புகளைத் தாண்டும் வரை ஒற்றைக் காலில் அசையாமல் நிற்க முடிந்தால், பந்தும் குறிப்படி போனால், அந்தப் பிந்தலைத் தொடாதீர்கள். இடப்பக்கம் சாய்ந்து விழுகிறீர்கள் என்றால்தான் அது பிழை.

*கால் ஒட்டுகிறதா?* முதலில் இதைத்தான் பாருங்கள். வழுக்க வேண்டிய கால் திடீரென நின்றால் எப்பேர்ப்பட்ட டைமிங்கும் பிந்தும். கீழே ஷூ பகுதி இருக்கிறது.

*பந்து தாமதமாகக் கிளம்புகிறதா?* முதல் ஸ்டெப் பதிந்தபோதும் பந்து மார்போடுதான் இருந்தால் இதுவே காரணம். காலும் பந்தும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஒன்றாகக் கிளப்பப் பார்த்தும் பிந்துகிறவர்கள், பந்து ஒரு துளி முன்னால், கால் அதன் பின்னால் என்று நினைத்து ஆடினால் வீடியோவில் சரியாக ஒன்றாக வரும். பந்தை இடுப்புயரத்தில் பிடித்துத் தொடங்குவதும் உதவும்.

*கால் ஓடுகிறதா?* பிந்துகிறவர்களில் அநேகரிடம் இருப்பது இதுதான். பந்து தன் வேகத்தில்தான் ஆடும், கால் அதை முந்தி ஓடிவிடும். வாய்விட்டு எண்ணுங்கள்: ஒண்ணு... ரெண்டு... மூணு, நாலு. முதல் இரண்டும் நடை, கடைசி இரண்டும் கொஞ்சம் வேகம். முதல் ஸ்டெப் எல்லாவற்றையும்விடச் சிறியதாக இருக்கட்டும். பக்கத்து லேனில் சிரித்தாலும் ஐம்பது பந்து வரை சத்தமாகவே எண்ணுங்கள்; மனத்துக்குள் எண்ணும்போது எண்ணிக்கை காலைப் பின்தொடரும், கால் எண்ணிக்கையைப் பின்தொடராது.

*பின் ஸ்விங் தலைக்கு மேலே போகிறதா?* உயரம் கூடினால் திரும்பி வரும் தூரமும் கூடும். தோளுயரம் போதும். கையால் தடுக்காதீர்கள், தொடக்கத்தில் பந்தை நாலு விரற்கடை தாழ்த்திப் பிடித்தாலே உச்சியும் தாழும்.

இவ்வளவும் செய்து மூன்று முறை ஆடியும் கணுக்கால் ஃபிரேம் மாறவில்லை என்றால் கோச்சிடம் போக வேண்டிய நேரம்.

## அறிகுறி: பந்து நன்றாகச் சுழல்கிறது, வளைவதில்லை

சென்டர் பந்தா? அப்படியென்றால் ரிலீஸைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பந்துகளின் மேலுறை வழுவழுப்பான பாலியெஸ்டர், எண்ணெய் பூசிய லேனில் அது ஏறக்குறைய நேராகத்தான் போகும். அதை வளைக்கப் போராடித்தான் பலர் நல்ல ரிலீஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வளைவதற்கென்றே வாங்கிய சொந்த ஹூக் பந்து என்றால், அது திரும்பி வந்ததும் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பந்தின் மேல் எண்ணெய் வளையங்கள் பளபளக்கும். கட்டைவிரல் ஓட்டைக்கும் விரல் ஓட்டைகளுக்கும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெளியே, பந்தைச் சுற்றிப் பெரிய வளையமாக ஓடினால் ரிலீஸ் நன்றாக இருக்கிறது. வேறு காரணம் தேடுங்கள். வளையம் சின்னதாக, கிண்ணத்தின் அடிபோல ஓரிடத்தில் சுருங்கியிருந்தால் கை பந்தின் மேலே ஏறிவிட்டது, பந்து பம்பரமாகச் சுற்றுகிறது.

காரணம் கை சீக்கிரம் திரும்புவது. கட்டைவிரல் முதலில் வெளிவர வேண்டும், விரல்கள் அதன்பின். கணுக்கால் வரை உள்ளங்கை பந்தின் பின்னாலேயே இருக்கட்டும். அதன்பின் ஒருவரிடம் கைகுலுக்க நீட்டும் நிலைக்கு வந்தால் போதும். அதற்குமேல் திருப்பாதீர்கள். முழங்கை உடம்பை விட்டு வெளியே போனாலும் கை மேலே ஏறும், வீடியோவைப் பின்னாலிருந்து எடுத்தால் தெரியும்.

வளையம் ஓட்டைகளின் மேலேயே ஓடினால், பந்து உருளும்போது டக்டக் என்று கேட்கும். துளைபோடுகிறவரிடம் பந்தைத் துடைக்காமலே கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த வளையம்தான் அவருக்கு அளவுகோல்.

## அறிகுறி: கால் ஒட்டுகிறது, அல்லது நிற்காமல் வழுக்குகிறது

விளையாடும் முன் பந்தில்லாமல் இரண்டு முறை அப்ரோச் போய் வழுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு லேனிலும். சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி ஈரக்காற்று ஊர்களில், மழை நாளில் அப்ரோச் தரை நேற்று இருந்ததுபோல் இருக்காது.

ஒட்டினால் முதலில் இடது ஷூவின் அடியைக் கையால் தொடுங்கள். சிந்திய கோக், கழிவறைத் தரையின் ஈரம் இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஈரமான அடியோடு ஆடாதீர்கள்; கால் நின்று உடல் நிற்காமல் போனால் முழங்கால் திருகிக்கொள்ளும். துடைத்துக் காயவைத்து, கம்பித் தூரிகையால் அடித்தோலை நாலு இழுப்பு இழுங்கள், படிந்த அழுக்கு போய் வழுக்கல் திரும்பும். ஆட்டத்தின் நடுவே எழுந்து போனால் ஷூவுக்கு மேலுறை போடுங்கள்.

அப்ரோச்சில் பவுடர் தூவுவதை மட்டும் செய்யாதீர்கள். விதிப்படி தடை, உங்களுக்குப் பின் வருகிறவர் கோட்டருகே மல்லாக்க விழுவார்.

அதிகம் வழுக்கினால் குதிகாலை ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். வழுக்குவது பாதத்தின் முன்பகுதி, நிறுத்துவது குதிகால். வாடகை ஷூவில் இரண்டு அடியும் வழுக்கும், அளவும் தொளதொளவென்று இருக்கும். அதில் ஓரளவுக்கு மேல் டைமிங்கை நிலைப்படுத்த முடியாது. வாரம் ஒருமுறை ஆடுகிறவர் பந்துக்கு முன்னால் ஷூ வாங்குவதுதான் நல்லது. அடித்தட்டும் குதிகாலும் மாற்றக்கூடிய ஷூவில் தட்டின் எண் கூடக் கூட வழுக்கல் கூடும். ஒட்டும் நாளுக்கு ஒன்று, வழுக்கும் நாளுக்கு ஒன்று என இரண்டு தட்டு பையில் இருந்தால் போதும்.

## அறிகுறி: முதல் கேம் நன்றாக, மூன்றாவது கேமில் ரிலீஸ் மாறுகிறது

கட்டைவிரல் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் பைக் ஓட்டி வந்தவரின் விரல் வீங்கியிருக்கும். ஏசியில் இருபது நிமிடத்தில் சுருங்கும். இரண்டு கேம் ஆடியதும் மறுபடி வீங்கும். வந்தவுடன் டேப் ஒட்டாமல், கை அறையின் குளிருக்குப் பழகியபின் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கேம் முடிவிலும் ரேக்கில் வைத்துத் திருப்பும் சோதனையைச் செய்யுங்கள். இறுகினால் ஒரு துண்டு உரியுங்கள், தளர்ந்தால் ஒரு துண்டு கூட்டுங்கள். பந்து மாட்டியபின் உரிப்பதைவிட மாட்டுமுன் உரிப்பது மேல். ஒரு முறை மாட்டிவிட்டால் அடுத்த ஐந்து பந்துக்குக் கை அதை நினைத்துக் கிள்ளும்.

ஓட்டை சரியாக இருந்தும் மூன்றாவது கேமில் பந்து பிந்தினால் கால் களைத்திருக்கிறது. பந்தை மாற்றுவதில் பயனில்லை, அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள்.

## அறிகுறி: ஃபவுல் லைட் எரிகிறது

கால் கோட்டைத் தாண்டினால் எரியும் விளக்கு இது. நாலரை ஸ்டெப் அளவை மறுபடி எடுத்துத் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். வழுக்கி முடியும்போது கால்நுனி கோட்டுக்கு மூன்று நாலு அங்குலம் பின்னாலேயே நிற்க வேண்டும். இடம் சரியாக இருந்தும் சில பந்துக்கு மட்டும் எரிந்தால், கால் ஓடுகிறது.

## அறிகுறி: வலி

மேலே சொன்ன எதையும் வலியோடு முயன்று பார்க்காதீர்கள்.

கட்டைவிரல் தோல் உரிந்தால், கொப்புளம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, ஆறியபின் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூரான இடம் விரலில் தட்டுப்படும். ப்ரோ ஷாப்பில் அதை வழித்துத் தருவார்கள்.

கட்டைவிரலின் அடியில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில், சின்னக் கட்டிபோல் கையில் தட்டுப்பட்டு, தொட்டால் மின்சாரம் ஓடுவதுபோல் முனை வரை கூசினால், மரத்துப்போனால், அது தோல் பிரச்சினை இல்லை. ஓட்டையின் விளிம்பு அந்த இடத்து நரம்பைத் திரும்பத் திரும்ப நசுக்குவதால் வருவது. மருத்துவர்கள் இதைப் பௌலர் கட்டைவிரல் என்றே அழைக்கிறார்கள். டேப் ஒட்டி ஆடினால் முற்றும். எலும்பு, கை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பந்தையும் எடுத்துப் போங்கள். அவர் சொன்னபின் ஓட்டையை அகலப்படுத்தி விளிம்பைச் சரித்து, அதன்பிறகே மறுபடி ஆடுங்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் வலி ஓய்வெடுத்தும் ஒரு வாரம் தாண்டினால் அதுவும் மருத்துவரிடம்.

## கோச்சிடம் போகும்போது

மூன்று விஷயம் கொண்டுபோனால் ஒரு மணி நேரக் கட்டணம் வீணாகாது: பக்கவாட்டில் எடுத்த பத்துப் பந்து வீடியோ, எண்ணெய் வளையம் துடைக்காத பந்து, எந்த மாற்றத்தை எத்தனை பந்துக்குச் செய்தீர்கள் என்ற குறிப்பு. பந்து முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று நீங்களே ஃபிரேமைக் காட்டிச் சொல்லுங்கள். முதல் வகுப்பிலேயே தொடக்கத்தையும் காலையும் பார்க்காமல் மணிக்கட்டைத் திருத்தத் தொடங்கும் கோச்சிடம், முதல் ஸ்டெப் ஃபிரேமை ஒருமுறை பார்க்கும்படி கேளுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு மாற்றம் சொன்னால், எதை முதலில் செய்வது என்று கேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மற்றதை அந்த ஃபிரேம் பத்துக்கு ஏழு சரியாக வந்தபின் தொடங்கலாம்.